வண்டியில் குடியேறும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

டாலஸில் இருக்கும் என் நாத்தனார் போன வாரம் கூப்பிட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்கள். வீட்டை விற்றுவிட்டு எங்களைப் போல, சமையலறையும் கழிப்பறையும் உள்ள மோட்டார் ஹோம் வண்டியிலேயே குடியிருக்கலாம் என்று ஆசை. "அண்ணி, முதல்ல எந்தப் பக்கம் போனா நல்லா இருக்கும்? யெல்லோஸ்டோனா, கிராண்ட் கேன்யனா?" என்று கேட்டாள்.

எந்தப் பக்கம் போனாலும் நன்றாகத்தான் இருக்கும். "அதை அப்புறம் பாத்துக்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு எத்தனை காலன் தண்ணி ஆகுது, அதைச் சொல்லு" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. நியூ ஜெர்சி எடிசனில் இருந்தபோது எனக்கும் தெரியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும், அவ்வளவுதான்.

எங்கள் வண்டி ஃபோர்டு ஈ-450 சேஸிஸில் கட்டிய 25 அடி நீள, கிளாஸ் சி என்ற நடுத்தர ரக மோட்டார் ஹோம், 2015 மாடல். 2022-ல் பழைய வண்டியாக வாங்கி, அந்த அக்டோபரில் வீட்டை விட்டோம். அதில் நல்ல தண்ணீர் டேங்க் 40 காலன். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் கிரே டேங்க் ஒன்று, கழிப்பறைக்கான பிளாக் டேங்க் ஒன்று. இந்த மூன்றும்தான் நம் நாட்களை முடிவு செய்கின்றன. நல்ல தண்ணீர் தீர்ந்தாலும் கிளம்ப வேண்டும், மற்ற இரண்டில் ஒன்று நிரம்பினாலும் கிளம்ப வேண்டும். முதல் மாதம் எங்களுக்கு 40 காலன் மூன்று நாள் வந்தது. இப்போது ஒன்பது நாள் வருகிறது. அதாவது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு குடத்துக்குக் கொஞ்சம் கூட.

நான் சிறுமியாக மாம்பலத்தில் இருந்தபோது, கோடையில் லாரித் தண்ணீர் வரும் நாளில் அம்மா ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு வேலை வைத்திருப்பாள். ஐம்பது வருடம் கழித்து, அரிசோனா பாலைவனத்தில் அதே கணக்குதான் எனக்குக் கைகொடுக்கிறது. குளிக்கும்போது சுடுதண்ணீர் வரும்வரை ஓடும் பச்சைத்தண்ணீரை ஒரு டப்பாவில் பிடித்துக்கொள்கிறேன், அது கழிப்பறைக்கு. ஷவர் தலையிலேயே மூடும் பித்தான் இருக்க வேண்டும். உடம்பை நனை, மூடு, சோப்புப் போடு, திற. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் அலசல். அதற்கு முன்னால் எல்லாப் பாத்திரத்தையும் காகிதத்தால் துடைத்துவிடுவேன். இந்த ஒன்றை மட்டும் விடவே கூடாது. தேங்காய் அரைத்த மிக்ஸி ஜார், சாம்பார்ச் சட்டி, அப்பளம் பொரித்த வாணலி எல்லாவற்றையும் அப்படியே கழுவினால், எண்ணெயும் சக்கையும் கிரே டேங்க்கில் தங்கி, நாலாவது நாள் வண்டி முழுக்க நாறும்.

பிளாக் டேங்க்கைப் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நான் பேசிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தப்பு செய்யும் இடம் இதுதான். இப்படி வண்டிகள் தங்கும் முகாமில் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டால், பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வடிந்து ஓடிவிடும், மற்றது உள்ளேயே குவிந்து காய்ந்து கல்லாகிவிடும். மூடியே வைத்து, முக்கால்வாசி நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். முதலில் பிளாக், அடுத்து கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயை அலசிவிடும். காலியானதும் இரண்டு மூன்று காலன் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும். நம்மைப் போலத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்கு டேங்க் சீக்கிரம் நிரம்பும்தான். ஆனால் காகிதம் குறைவு, தண்ணீர் அதிகம் என்பதால் அடைப்பே வருவதில்லை. எங்களுக்கு இதுவரை ஒரு முறைகூட வந்ததில்லை. கையுறை கட்டாயம். குடிதண்ணீர்க் குழாயைக் கழிவுக் குழாய் இருக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது.

தண்ணீருக்கு எடை உண்டு. ஒரு காலன் 8.34 பவுண்டு, டேங்க் நிறைந்தால் 334 பவுண்டு. இரண்டு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். எங்கள் வண்டி மொத்தமாக 14,500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. கம்பெனி கட்டி முடிக்கும்போதே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று கதவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். வண்டி வாங்கும்போது சோபா நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். கிளம்பிய இரண்டாம் வாரம் லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். பின் அச்சில் 600 பவுண்டு அதிகம்! அன்றைக்கே சாமான்களை இறக்க ஆரம்பித்தேன். கல் கிரைண்டர், அம்மா கொடுத்த பித்தளை அடுக்கு, 20 பவுண்டு அரிசிப் பையில் மூன்று, இரண்டு பெட்டி புத்தகம். கிரைண்டரை இறக்கும்போது அழுதேன், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இப்போது மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு மாவு அரைக்கிறேன், நன்றாகவே வருகிறது.

எடைக்கு அடுத்தது டயர். விற்றவர் டயரெல்லாம் புதிது போல இருக்கிறது என்றார், பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். எங்களுடையதில் 1115 என்றிருந்தது, அதாவது 2015-ன் பதினொன்றாம் வாரம். ஏழு வயது. வாங்கும்போது எங்களுக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியவில்லை. நியூ மெக்சிகோவில் ஐ-40 நெடுஞ்சாலையில் பின்பக்க உள் டயர் வெடித்து, அடியில் இருந்த குழாய் ஒன்றையும் பிய்த்துக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் பிரேக்கை அழுத்தாமல் வண்டியை நேராகப் பிடித்து, மெல்ல ஓரம் கட்டினார். அதனால் தப்பித்தோம். ஆறு டயரையும் மாற்றினோம். தேய்மானம் இல்லாவிட்டாலும் ஆறு ஏழு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். மாதம் 300 டாலர் பழுதுக்கென்று தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் அன்று தொடங்கியதுதான்.

உயரம், நீளம் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் உயரம் 11 அடி 4 அங்குலம். கார்களுக்கான கூகுள் வழி, நியூயார்க் பக்கத்துப் பார்க்வேக்களின் தாழ்வான கல் பாலங்களுக்கு அடியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். உயரத்தைக் கணக்கில் எடுக்கும் ஜி.பி.எஸ். வாங்குங்கள். கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையில், நடுப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி கிடையாது. நாங்கள் வண்டியை முகாமில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம். வண்டியில் சமையல் கேஸ் இருப்பதால் பால்டிமோரின் சுரங்கப்பாதைகளிலும் நுழைய முடியாது. முன்பு அங்கே இருந்த கீ பாலத்தின் மேல் போய்விடுவோம். அது 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்த பிறகு, ஐ-695-ல் மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

மின்சாரம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். எங்கள் இணைப்பு 30 ஆம்ப், 120 வோல்ட். ஆகமொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து, கூடவே சுடுதண்ணீர் ஹீட்டரையும் போட்டால் பிரேக்கர் விழும். எது ஓடும்போது எதை நிறுத்துவது என்பது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் முகாம் கம்பத்தில் வரும் மின்சாரம் நம் கையில் இல்லை. ஒரு பழைய முகாமில் ஜூலை மாத மத்தியானம், எல்லோரும் ஏசி போட்டதில் வோல்டேஜ் இறங்கி, எங்கள் ஏசியின் கம்ப்ரஸர் போய்விட்டது. குறைந்த வோல்டேஜிலும் தானாகத் துண்டித்துவிடும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கியது அதற்குப் பிறகு. நீங்கள் முதல் நாளே வாங்கிவிடுங்கள். கம்பமே இல்லாத இடங்களுக்குக் கூரையில் 400 வாட் சோலார், 200 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் அது கட்டிலுக்கு அடியில், எங்களோடு கதகதப்பாக இருக்கிறது.

சமையலைப் பற்றி நாத்தனார் தனியாக ஒரு மணி நேரம் கேட்டாள். வண்டிக்குள் மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும், வாசனை தலையணை வரை போகும். கூரை விசிறியைப் போட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துகொண்டுதான் எண்ணெயைக் காயவைப்பேன். முடிந்த நாட்களில் வெளியே மடக்கு மேசையில் அடுப்பு. கரடி நடமாடும் பூங்காக்களில் மட்டும் வெளியே ஒரு கடுகைக்கூட விட்டு வைக்கக் கூடாது. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது, குக்கரிலும் இரண்டு விசில் கூட வைக்க வேண்டும். குளிரில் இட்லி மாவு பொங்க, வாட்டர் ஹீட்டர் பக்கத்து அலமாரிதான் என் இடம். காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு மாவு எழும்பியிருப்பதைப் பார்க்கும் சந்தோஷம் எடிசன் வீட்டில் இருந்ததைவிடக் கூடுதல்.

கறிவேப்பிலைச் செடியை ஏற்றிக்கொண்டு வராதே என்று அவளிடம் இரண்டு முறை சொன்னேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வளரும். அதனால் கலிபோர்னியா, அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடாவில் அதைக் கொண்டு செல்லக் கட்டுப்பாடுகள் உண்டு. கலிபோர்னியா எல்லையில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். என் செடிக்குப் பன்னிரண்டு வயது. கிளம்பும் முன் எடிசனில் ஒரு தோழி வீட்டில் விட்டோம். ஒவ்வொரு கோடையிலும் போய்ப் பார்க்கிறேன்.

முகவரி ஒன்று வேண்டும், அது இல்லாமல் லைசென்ஸும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. நாங்கள் தெற்கு டகோட்டாவை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒரு தபால் சேவை நிறுவனத்தில் முகவரி எடுத்து, ஒரு இரவு முகாமில் தங்கிய ரசீதைக் காட்டி லைசென்ஸ் வாங்கினோம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், மாநில வருமான வரியும் கிடையாது. மருத்துவம்தான் இதைவிட முக்கியம். எங்கள் இருவருக்கும் 65 ஆன பிறகுதான் கிளம்பினோம். 65 ஆனவர்களுக்கு அரசு தரும் மருத்துவ இன்ஷூரன்ஸ்தான் மெடிகேர். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரை ஏற்கும் டாக்டர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பார்க்கலாம். விலை குறைவு என்று தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்குப் போனால், பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும் டாக்டர்களோடு நிறுத்திவிடுவார்கள். நாத்தனாருக்கு இன்னும் 61-தான். "இன்ஷூரன்ஸ் கணக்கு முடியற வரைக்கும் வீட்டை விக்காதே" என்று கண்டிப்பாகவே சொன்னேன்.

பயணத்தில் ஒரே விதி வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 200 மைல், மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெளிச்சத்தில் இடம் பார்த்து, வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். கேஸில் ஓடும் பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் கெட்டுவிடும். பின்னால் எடுக்கும்போது நான் இறங்கி, அவருக்குக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்பேன். கை காட்டிக் கத்துவதெல்லாம் முதல் மாதத்தோடு சரி. இப்போது போனில் பேசிக்கொள்கிறோம், சண்டையே வருவதில்லை.

குளிர்காலத்துக்கு அரிசோனா பாலைவனத்து ஊரான குவார்ட்ஸைட். மற்ற அரசு நிலங்களில் பொதுவாக 14 நாள்தான் தங்கவிடுவார்கள். இங்கே லா போசா என்ற அரசு நிலத்தில் கட்டணம் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம். கம்பம் கிடையாது, குழாய் கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் டேங்க் காலி செய்யவும் தெற்குப் பகுதிக்கு ஓட்டிப் போக வேண்டும். இரவில் வானம் முழுக்க நட்சத்திரம். ஊர்க் கல்லறையில் பிரமிடு போலக் கட்டி, உச்சியில் ஒட்டகம் வைத்த ஒரு சமாதி இருக்கிறது. 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனங்களுக்காக ஒட்டகங்களை வரவழைத்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி, 1902-ல் இறந்து இங்கே உறங்குகிறார். இங்கத்திக்காரர்கள் வாயில் அவர் பெயர் ஹை ஜாலி. மாலை நடைக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன்.

நாத்தனார் வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை. பிப்ரவரியில் ஒரு சின்ன மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். 14 நாள் அனுமதி. "மாவு நான் அரைச்சு வெக்கிறேன், நீ டேங்க்கை மட்டும் நிரப்பிட்டு வா" என்றேன். "எத்தனை காலன்னு இப்பவே கேட்டு வெச்சுட்டேன் அண்ணி, 35" என்றாள்.