வாத்து வளர்ப்பு, வாத்து வேட்டை ஆன கதை: அப்பாவின் துப்பாக்கி உரிமத்தை என் பெயருக்கு மாற்றிய அனுபவம்

உரிமப் புத்தகம் ஒரு வழியாகக் கைக்கு வந்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை. சட்டம் எங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. காகிதங்களும் சரியாகத்தான் இருந்தன. ஒரு விசாரணை அறிக்கையில் யாரோ கவனமில்லாமல் எழுதிய ஒரு வரிக்காக மாதக்கணக்கில் அலைந்தோம். வாரிசு முறையில் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால், அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகும்.

துப்பாக்கி பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு) இரட்டைக் குழல். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வாங்கியது. அவருக்குப் பின் அப்பா பெயருக்கு வந்தது. 2023 கடைசியில் அப்பா காலமானார். எங்கள் தோட்டம் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கம், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. தென்னையும் மஞ்சளும் போக, வாத்தும் வான்கோழியும் வளர்க்கிறோம். ஒரு லாப்ரடார் நாயும் உண்டு. வியாபாரத்துக்காக நான் வெளியூர் போகும் இரவுகளில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்க 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25 ஆம் விதி இடம் தருகிறது. ஆனால் புதிய உரிமம் வரும்வரை அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21 ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடிந்த மறுநாளே நானும் மாமாவும் துப்பாக்கியை உறையில் போட்டு, தோட்டாக்களைத் தனியே கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனோம்.

அங்கே ரைட்டர் வாங்க மறுத்துவிட்டார். "கலெக்டர் ஆபீஸ் உத்தரவு இல்லாமல் வாங்க முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். சட்டப் பிரிவைச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உரிமம் இல்லாத கையில் துப்பாக்கியோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வழியில் யாராவது சோதனை போட்டால் குற்றவாளி நான்தான், திருப்பி அனுப்பியவர் அல்ல. மாமா விவரமானவர். அங்கேயே ஒரு வெள்ளைத்தாளில், துப்பாக்கியை ஒப்படைக்க வந்ததையும் ஏற்க மறுத்ததையும் மனுவாக எழுதினார். நிலையத்தில் கொடுத்து, மனு ஏற்பு ரசீது தராமல் நகரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார். ரசீது கிடைத்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போய்ப் பாதுகாப்பில் வைத்தோம். மாத வாடகை உண்டு, ஆனால் நிம்மதி. கடைக்காரர் தரும் ரசீதில் துப்பாக்கியின் வகை, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மேசையிலும் இதைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கடையிலேயே அடுத்த சிக்கல் வெளிப்பட்டது. குழலின் மேல்பட்டையில் இருப்பது செய்தவர் பெயர்தான். துப்பாக்கியின் எண்ணைப் பார்க்க, குழலுக்கு அடியில் இருக்கும் மரக்கைப்பிடியைக் கழற்றி, குழலைப் பிரித்து, அடிப்பாகத்தின் தட்டையான இரும்பில் பார்க்க வேண்டும். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த எண்ணில் 8 இருந்தது. அப்பாவின் உரிமப் புத்தகத்தில் அதே இடத்தில் 3. ஏதோ ஒரு புதுப்பித்தலின்போது பெயர்த்து எழுதியவர் செய்த பிழை. எத்தனையோ முறை புதுப்பித்தும் யாரும் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து அப்பாருவின் முதல் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் 8 என்று தெளிவாக இருந்தது. பழைய புத்தகங்களைப் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாதிருந்தால், இது வேறு துப்பாக்கி என்றே கோப்பில் எழுதியிருப்பார்கள்.

இறப்புச் சான்றிதழ் சுலபமாக வந்தது. வாரிசுச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் தாண்டித் தாசில்தாரிடம் வந்தபோது பெயரில் மாட்டியது. உரிமத்தில் அப்பாவின் பெயர் 'கவுண்டர்' என்ற பட்டத்தோடு இருக்கிறது, ஆதாரிலும் இறப்புச் சான்றிலும் பட்டம் இல்லை. நம் பகுதியில் பழைய பத்திரம் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. இரண்டு பெயரும் ஒருவரே என்று முதலிலேயே பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்தோடு வைத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம். அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று தனித்தனியாகக் கையெழுத்திட்டார்கள். அக்கா நாமக்கல்லிலிருந்து இதற்காகவே வந்து போனார்.

ஏ-1 படிவ விண்ணப்பத்தோடு எஸ்-3 படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். உடல்நலத்தோடு மனநலத்தையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அரசு மருத்துவமனையில் அந்தப் படிவத்தையே யாரும் பார்த்ததில்லை. அச்செடுத்து நீங்களே கொண்டுபோங்கள். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்கான எஸ்-1 சான்று ரைபிள் கிளப்பில் கிடைத்தது. இந்த முழு அலைச்சலில் மனதுக்குப் பிடித்த நாள் அதுதான். சொல்லிக் கொடுத்தவர் அத்தனை பொறுமை.

விண்ணப்பத்தைக் கொடுத்த சில வாரங்களில், 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. நடத்தை விதி நடைமுறையில் இருக்கும்வரை புதிய ஆயுத உரிமம் கிடையாது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தாலும், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை தாண்டும்வரை கோப்பு அசையவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தேர்தல் வருடத்தில் விண்ணப்பிப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

குறை சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். துப்பாக்கி ஏன் தேவை என்ற இடத்தில் நான் எழுதியது: "ஊருக்கு வெளியே தனித் தோட்டத்தில் வசிக்கிறோம், வாத்து, வான்கோழி வளர்ப்புத் தொழில் செய்கிறோம், வயதான தாயார் இரவில் தனியே இருக்கிறார், தற்காப்புக்குத் தேவை." விசாரணைக்கு வந்தவர் பட்டிக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே வாத்துகளையும் நாயையும் பார்த்தார், பெயர் கேட்டார், போய்விட்டார். காவல்துறை விசாரணை தனியே, ஒழுங்காகவே நடந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. பிரிவு எழுத்தரிடம் கேட்டால் "மேலே இருக்கிறது" என்பார். மேலே கேட்டால் "கீழே விளக்கம் கேட்டிருக்கிறோம்" என்பார்கள். என்ன விளக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு தனித் தோட்டங்களில் யாருக்கும் தூக்கம் இல்லை. அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, என் விண்ணப்பத்தின் மீதான எல்லா அறிக்கைகளின் நகலையும் கேட்டேன். நகல் வந்தது. அதில் இருந்த வரி இது: "மனுதாரர் வாத்து, வான்கோழி வேட்டைக்காக உரிமம் கோருகிறார். வேட்டை நாய் வைத்துள்ளார்."

படித்ததும் கை நடுங்கியது. 'வளர்ப்பு' என்று நான் எழுதியது 'வேட்டை' ஆகியிருக்கிறது. இந்தியாவில் காட்டு வான்கோழியே கிடையாது. அது வட அமெரிக்கப் பறவை. அங்கே உரிமச் சீட்டு வாங்கி, பருவம் பார்த்து வான்கோழியையும் காட்டு வாத்தையும் சுடுகிறார்கள். சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்வி வருவதற்குப் பழக்கிய இனம்தான் லாப்ரடார் என்பதும் உண்மை. அதற்காக ஈரோட்டிலும் கோவையிலும் வீட்டுக்கு வீடு இருக்கும் லாப்ரடார்களை எல்லாம் வேட்டை நாய்க் கணக்கில் எழுத முடியுமா? எங்கள் நாய் வாத்துக் குஞ்சுகளோடு ஒரே நிழலில் படுத்துத் தூங்கும்.

அந்த வரிக்குத் துணையாக அப்பாருவின் பழைய புத்தகமும் அமைந்துவிட்டது. நோக்கம் என்ற இடத்தில் அதில் 'விளையாட்டு' என்று இருந்தது. அந்தக் காலத்தில் மழைக்குப் பிறகு குளங்களில் இறங்கும் கிளுவை என்ற சிறிய காட்டு வாத்தை அப்பாரு சுட்டிருக்கிறார், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டார். அந்தச் சட்டம் வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு பறவையைக்கூடச் சுட்டதில்லை. அந்தப் பழைய சொல்லையும் புதிய அறிக்கையையும் சேர்த்துப் பார்த்து, வனத்துறைக்குக் கருத்துக் கேட்டுக் கோப்பை அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அது கிடந்தது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நகலோடு போனேன். விண்ணப்பத்தில் நான் எழுதிய வரியையும் அறிக்கையின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு ஒரே தாளாகக் கொடுத்தேன். கால்நடை மருத்துவர் தந்த தடுப்பூசிப் பதிவையும், வாத்து முட்டை விற்ற ரசீதுகளையும் இணைத்தேன். அதிகாரி இரண்டு வரியையும் படித்துவிட்டு, பிரிவு எழுத்தரை அங்கேயே அழைத்துக் கேட்டார். மறு விசாரணைக்கு வேறு ஒருவர் வந்தார். அவர் பட்டிக்குள் வந்தார், அம்மாவிடம் பேசினார், அடுத்த வீடு எவ்வளவு தூரம் என்று நடந்தே பார்த்தார். அறிக்கை நேராக எழுதப்பட்டது.

இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன்: தேவை என்ற இடத்தில் சுற்றி வளைக்காமல் 'தற்காப்பு' என்று முதல் சொல்லாகவே எழுதுங்கள். மயில் மஞ்சளைக் கிளறுகிறது, பன்றி கிழங்கைத் தோண்டுகிறது என்ற வேதனை எனக்கும் உண்டு. ஆனாலும் அதை அங்கே எழுத வேண்டாம். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. காட்டுப்பன்றிக்கும் நம் உரிமம் செல்லாது. 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் அதிகாரம் வனத்துறையினருக்கு மட்டும்தான்.

காவல்துறை அறிக்கை வரவில்லை என்று யாராவது இழுத்தடித்தால், விதித்த காலத்துக்குள் அது வராவிட்டால் அதற்குக் காத்திராமலே உத்தரவிட உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஆயுதச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது என்று எழுத்தில் நினைவூட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடும் உண்டு. வாய்ச்சொல்லாக வரும் மறுப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொல்லப்பட்ட செய்தி வந்தபோது என் கோப்பு கடைசிக் கையெழுத்துக்கு நின்றது. அதற்கடுத்துச் சில வாரங்களில் உரிமம் வந்தது. ஆயுதச் சட்டத்தின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டுக்குச் செல்லும். புத்தகத்தை வாங்கியதும் மேசையை விட்டு நகராமல் துப்பாக்கியின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துப் பார்த்தேன். 8 சரியாக இருந்தது. கடையில் வாடகையைக் கட்டித் துப்பாக்கியை எடுத்து, அதே காவல் நிலையத்தில் காட்டிப் பதிந்துகொண்டேன். அம்மாவும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஒன்று மட்டும் முன்பே எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் விரும்பும் வாரிசுக்கு உரிமம் தரக் கேட்கலாம் என்று அதே 25 ஆம் விதி சொல்கிறது. அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. புதுப்பிக்கப் போன எந்த வருடமும் எந்த மேசையிலும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு இப்போது 74 வயது, அவரிடமும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அவர் மகனான அண்ணன் பெயருக்கு அதை மாற்றக் கேட்டு அடுத்த வாரம் விண்ணப்பம் கொடுக்கிறோம். எண்ணைச் சரிபார்க்க நேற்றே மரக்கைப்பிடியைக் கழற்றிப் பார்த்துவிட்டோம்.