பட்லர் ஜேம்ஸும் ஹாம்பர்க் புத்தாண்டும்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் மொழிதான் பெரும்பாடு. விசா அலுவலகத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், கவுன்டரில் இருக்கும் அம்மாள் ஜெர்மனிலேயே பதில் சொல்வார். அப்படிப்பட்ட நாடு டிசம்பர் 31 அன்று மட்டும் ஒரு ஆங்கில நாடகத்தை, சப்டைட்டில்கூட இல்லாமல், டிவியில் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை. எதிர் வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் ராக்லெட் (மேஜையிலேயே சீஸை உருக்கிச் சாப்பிடுவது) சாப்பிடக் கூப்பிட்டு, சீஸ் உருகுவதற்குள் டிவியைப் போட்ட பிறகுதான் நம்பினேன்.

'டின்னர் ஃபார் ஒன்' என்று பெயர். கறுப்பு வெள்ளை, 18 நிமிடம். மிஸ் சோஃபிக்கு 90வது பிறந்தநாள். விருந்துக்கு வரவேண்டிய நான்கு நண்பர்களும் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அவர்களுக்கு நாற்காலி உண்டு. பட்லர் ஜேம்ஸ் ஒவ்வொருவர் கிளாஸையும் நிரப்பி, அவர்கள் சார்பில் தானே குடிக்கிறார். ஷெர்ரி, வெள்ளை ஒயின், ஷாம்பெயின், போர்ட் என்று நான்கு சுற்று. போதை ஏற ஏற, தரையில் கிடக்கும் புலித்தோலின் தலை காலைத் தடுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை தடுக்காமல் தாண்டிவிட்டு, திரும்பிப் புலியை ஆச்சரியமாகப் பார்ப்பார் பாருங்கள்! அந்த இடம் வருவதற்கு முன்பே தாத்தா மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பரிமாறுவது முலிகட்டானி சூப். வேறொன்றுமில்லை, நம்மூர் மிளகுத்தண்ணிதான் வெள்ளைக்காரன் வீட்டில் அப்படி ஆகியிருக்கிறது. தாத்தாவிடம் சொன்னேன். இத்தனை வருஷம் பார்த்தும் அது என்ன சூப் என்று அவர் யோசித்ததே இல்லையாம்.

நாடகத்தை எழுதியவர் லாரி வைலி. 1948ல் லண்டனில் மேடையேறி, 1953ல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கும் போனது. ஃபிரெடி ஃபிரின்டன் என்ற நகைச்சுவை நடிகர் இதை இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் நடித்துவந்தார். 1962ல் பிளாக்பூலுக்குப் போன ஜெர்மன் டிவி பிரபலம் பீட்டர் ஃபிராங்கன்ஃபெல்டும் இயக்குநர் ஹைன்ஸ் டுங்க்ஹாசவும் பார்த்துச் சொக்கிப்போய் அவரை அழைத்தார்கள். 1963ல் நான் இருக்கும் இதே ஹாம்பர்க்கில், பெசன்பிண்டர்ஹோஃப் தெருவிலுள்ள அரங்கில், ரசிகர்களை உட்காரவைத்து என்டிஆர் என்ற வட ஜெர்மன் டிவி நிறுவனம் படம்பிடித்தது. மிஸ் சோஃபி வேடத்தில் மே வார்டன். ஜெர்மனில் ஒரு அறிமுகம் மட்டும் சேர்த்தார்கள். நான் கறிவேப்பிலை வாங்கப் போகும் ஸ்டைன்டாம் தெருவுக்குப் பக்கம்தான் அந்த இடம்.

ஃபிரின்டன் 1968ல் இறந்துவிட்டார். இது புத்தாண்டு இரவின் நிரந்தரச் சடங்கானது 1972க்குப் பிறகு. பாவம், இந்தக் கூத்தையெல்லாம் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இங்கிலாந்து டிவி இதை முழுசாகக் காட்டியதே 2018ல்தான், அதுவும் ஸ்கை சேனல் ஒன்றில். என் ஆபீஸில் இருக்கும் மான்செஸ்டர்காரர் ஹாம்பர்க் வந்த பிறகுதான் கேள்விப்பட்டாராம்.

ஜோக்குக்காக இவர்கள் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வள்ளி திருமணம் கதை ஊருக்கே மனப்பாடம், ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோமே, அந்த மாதிரிதான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் சுகம். டிசம்பரில் சின்னச் சின்ன அரங்குகளிலும் இதை நடிக்கிறார்கள், வட்டார வழக்கில்கூட. பிளாட்டில், அதாவது இந்தப் பக்கத்துக் கிராமத்து மொழியில், ஒன்று பார்த்தேன். வசனம் பாதி புரியவில்லை. புலி புரிந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஜேம்ஸ், போன வருஷ முறைப்படியேதானா என்று கேட்பார். "சேம் புரொசீஜர் ஆஸ் எவ்ரி இயர், ஜேம்ஸ்" என்பார் மிஸ் சோஃபி. கடைசியில் அம்மையார் படுக்கப் போகும்போதும் அதே கேள்வி, அதே பதில். "ஐ'ல் டூ மை வெரி பெஸ்ட்" என்று ஜேம்ஸ் கூடவே மாடிப்படி ஏறுவார்.

போன டிசம்பரில் ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கும் கூட்டம். எப்படிச் செய்யலாம் என்று மேலாளர் கேட்டார். சேம் புரொசீஜர் என்று நான் எடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சளைக்காமல் "ஐ'ல் டூ மை வெரி பெஸ்ட்" என்றார். அது எந்த இடத்து வசனம் என்று யோசித்து நெளிந்தது நான் மட்டும்தான்.