வேலை பார்க்கும் கவர்: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டு மேகத்துக்கும் நடுவே

போன் கீழே விழுந்தால் உடையக்கூடாது என்பதற்காக மட்டும் கவர் போடுகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நான்கு மூலையிலும் கொஞ்சம் தடிப்பு, திரையை விட ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்த விளிம்பு, கேமராவைச் சுற்றி ஒரு மேடு. இவ்வளவு இருந்தால் வளையும் பிளாஸ்டிக்கில் செய்த சாதாரண டிபியூ கவரே போதும். அதற்குள் பேட்டரி, காந்தம், லென்ஸ், கீபோர்டு என்று ஒரு வேலையைச் சேர்த்துவிட்டால்தான் கதை மாறுகிறது. அது அப்புறம் கவர் இல்லை, போனோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு கருவி. சூடு வெளியேறும் வழி, சிக்னல், சார்ஜ் போர்ட், சென்சார் என்று போனிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுதான் அது தன் வேலையைப் பார்க்கும். எதை எடுக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம், ஈரம், காற்றழுத்தம், சிக்னல் நான்குமே மாறிவிடுகின்றன. கீழே ஒழுங்காக இருந்த கவர் மேலே காலை வாருவது இதனால்தான்.

பேட்டரி கவர்

மலையில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்றுதான் பலரும் இதை வாங்குகிறார்கள். இறங்குவது உண்மை. டவர் தூரமாகவோ மலைக்குப் பின்னாலோ இருந்தால், போன் தன் ஒலிபரப்புச் சக்தியைக் கூட்டிக் கூட்டிப் பேசப் பார்க்கும். பேட்டரியும் கரையும், சூடும் ஏறும்.

முதலில் கணக்கு. அட்டையில் 5000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அதுவும் 3.7 வோல்ட்டில். பெருக்கினால் 18.5 வாட் ஹவர். போனுக்குக் கொடுக்க அதை 5 வோல்ட்டாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போகிறது, போன் அதை மறுபடி தன் பேட்டரியில் இறக்கும்போது இன்னொரு பங்கு போகிறது. கடைசியில் கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 5000 எம்ஏஎச் கவர், 5000 எம்ஏஎச் போனை முழுதாக நிரப்பாது. ஒழுங்கான தயாரிப்பில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 5 வோல்ட் கணக்கு தனியாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கூடவே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், 'ஆர்' எழுத்துக்குப் பின்னால் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத பேட்டரி கவரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். அது முதுகோடு ஒட்டிக் கிடக்கும் லித்தியம் செல், பையில் தனியாகக் கிடக்கும் பவர் பேங்க் இல்லை.

அடுத்தது சூடு. போனின் முதுகுதான் அதன் சூடு வெளியேறும் வாசல். அந்த வாசலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு செல்லை வைப்பது, காய்ச்சல்காரருக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பது செல் தயாரிக்கிறவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. சித்திரை வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் மாட்டி, மேப் ஓட்டிக்கொண்டு, கவரிலிருந்தும் சார்ஜ் ஏற்றினால் அந்த வரம்பைத் தொட அதிக நேரம் ஆகாது. போனே தற்காப்புக்காகத் திரையை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும். அதைக் 'கவர் ரிப்பேர்' என்று நினைத்து மாற்றித் தரச் சொல்லிக் கடையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

அதனால் கவரின் சுவிட்சை எந்நேரமும் ஆனில் வைக்காதீர்கள். போன் 20 அல்லது 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு ஆன் செய்து, 80 வந்ததும் நிறுத்துங்கள். சார்ஜ் ஏறும்போது போனை நிழலில் சும்மா விடுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால், முழு சார்ஜிலோ காலியாகவோ வைக்காமல் பாதி சார்ஜில் வையுங்கள்.

கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடலாம். கவருக்குள் இருக்கும் சார்ஜ் முனை போனின் போர்ட்டில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் பாதிக்கப்படுவது கவர் இல்லை, போனின் போர்ட். பிறகு கவரின் வெளி போர்ட்டில் போனில் நேராகச் சொருகும் ஓடிஜி பென் டிரைவ் ஒன்றைச் சொருகிப் பாருங்கள். பல கவர்கள் மின்சாரத்தை மட்டும் கடத்தும், டேட்டாவைக் கடத்தாது. அப்படியானால் வயர் ஹெட்செட், கார் இணைப்பு எதுவும் கவரோடு வேலை செய்யாது. மூன்றாவது சிக்னல். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் அளவு மைனஸ் 95 டிபிஎம் என்பது போலக் காட்டும். கவர் போட்டு ஒரு நிமிடம், கழற்றி ஒரு நிமிடம், நின்ற இடம் மாறாமல் பாருங்கள். இரண்டு மூன்று எண் ஏறி இறங்குவது இயல்பு. கவர் போட்டதும் ஒவ்வொரு தடவையும் 6 எண் கீழே போனால், அதாவது மைனஸ் 95 என்பது மைனஸ் 101 ஆனால், சிக்னலில் முக்கால் பங்கை அது விழுங்குகிறது என்று அர்த்தம். சேலத்தில் இது உறைக்காது, டவர் பக்கத்தில் இருக்கும். நாகலூர் பக்கம் போனால் கால் போகாது.

செல் உப்புவதைக் கண்டுபிடிக்க எளிய வழி, போனோடு சேர்த்துத் தட்டையான மேசையில் மல்லாக்க வைத்து மூலையில் லேசாக அழுத்துவது. முன்பு ஆடாத கவர் இப்போது ஆடினாலோ, ஓரத்தில் பூட்டு விலகி நின்றாலோ அன்றோடு அதற்கு ஓய்வு. குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் விட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

தண்ணீர் புகாத பவுச்

ஏரியில் படகு, கிளியூர் அருவி, மழையில் தோட்ட வேலை என்று இதற்குத் தேவை நிஜமாகவே இருக்கிறது. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐபிஎக்ஸ் எண். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதைவிடக் கடுமையான நிலை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். ஆழம் எழுதாமல் வெறுமனே 8 என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பிப் பயனில்லை.

யாரும் சொல்லாத விஷயம் காற்றழுத்தம். சேலத்தில் சுமார் 980 ஹெக்டோபாஸ்கல், ஏற்காட்டில் சுமார் 845. வித்தியாசம் 135. வீட்டிலேயே பவுச்சை மூடிக்கொண்டு கிளம்பினால், உள்ளே சிக்கிய காற்று மேலே போகப் போக 16 சதவீதம் வரை விரியும். பவுச் பலூன் போல உப்பி, ஓரத்து வெல்டிங்கையும் கிளிப்பையும் இழுக்கும். திரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடைவெளி விழுவதால் டச்சும் வேலை செய்யாது.

ரப்பர் வளையம் வைத்து மூடும் கெட்டியான பெட்டி கவர்களில் இது எதிர்த்திசையில் நடக்கும், அதுதான் ஆபத்து. மேலே மூடிக் கீழே கொண்டுவந்தால் வெளிக்காற்று 135 ஹெக்டோபாஸ்கலில் உள்நோக்கி அழுத்துகிறது. இது ஏறக்குறைய 1.35 மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கும் அழுத்தம். ஐபிஎக்ஸ்7 சோதனையின் ஒரு மீட்டரைத் தண்ணீரில் இறங்காமலே தாண்டிவிட்டோம். வளையத்தில் ஒரு முடி சிக்கியிருந்தாலும், வெளியே படிந்திருக்கும் மழைநீரைப் பெட்டி உறிஞ்சி உள்ளே இழுக்கும். ஆகவே எந்த உயரத்தில் தண்ணீரோ அந்த உயரத்தில் மூடுங்கள். வேலை முடிந்ததும் வெளியே துடைத்துவிட்டு, இறங்கத் தொடங்கும் முன்பே திறந்துவிடுங்கள்.

கீழே மூடுவதில் இன்னொரு தொல்லையும் உண்டு, ஈரம். சேலத்துக் காற்று சூடானது, நிறைய நீராவி தாங்கும். மார்கழி இரவில் ஏற்காட்டின் குளிருக்கு அது தாங்காது. 50 மில்லிலிட்டர் காற்றிலிருந்து பிரியும் தண்ணீர் அரை மில்லிகிராம் கூட இருக்காது. ஆனால் கேமரா கண்ணாடியில் பனித்திரை போட அது போதும். படம் மங்கலாக வந்ததும் பவுச் ஒழுகிவிட்டது என்று பதறுவார்கள். ஒழுகியிருக்காது, உள்ளே மூடி வைத்த காற்றுதான் வியர்த்திருக்கும். மூடும் முன் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஒரு கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கேமராவுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது.

ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனை வைத்துச் சோதிக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரை மடித்து உள்ளே வைத்து, மிதக்காமல் இருக்க நான்கைந்து நாணயங்களைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் 30 நிமிடம் அமுக்கி வையுங்கள். எடுத்ததும் வெளியே நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருந்து சொட்டும் நீர் பேப்பரை நனைத்து உங்களை ஏமாற்றிவிடும். நனைவது பெரும்பாலும் கிளிப்பின் இரண்டு முனைகளில்தான். பிவிசி பவுச் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனால் இந்தச் சோதனையை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் செய்யுங்கள். தண்ணீருக்குள் டச் வேலை செய்யாது. முன்பே கேமராவைத் திறந்து வைத்து வால்யூம் பட்டனால் படம் எடுங்கள். கைரேகையையும் நம்ப வேண்டாம், பின் நம்பர் நினைவில் இருக்கட்டும்.

காந்தக் கவர்

2020-ல் ஐபோன் 12-ஓடு மேக்சேஃப் என்ற காந்த வளைய வயர்லெஸ் சார்ஜிங் முறை வந்தது. 2023-ல் அதே காந்த வளைய முறை சி2 (Qi2) என்ற பொதுத் தரமானது. இப்போது ஆண்ட்ராய்டு போனுக்கும் வளையம் பதித்த கவர் கிடைக்கிறது. கவர் போனை வயர்லெஸ் ஆக்கிவிடாது. போனுக்குள்ளேயே வயர்லெஸ் சார்ஜிங் சுருள் இருந்தால்தான் சார்ஜ் ஏறும், இல்லாவிட்டால் அது வெறும் ஸ்டாண்டுக்கான காந்தம். கார் ஹோல்டருக்காகக் கவருக்குள் சொருகும் முழு இரும்புத் தகடு வேறு வகை. அது சார்ஜர் மேல் வைத்தால் சூடாகும், டேப் செய்து பணம் கட்டும் வசதியையும் மறைத்துவிடும்.

காந்தம் திசைகாட்டியைக் குழப்பும். மேப் செயலி வண்டி ஓடும்போது ஜிபிஎஸ் நகர்வை வைத்துத் திசை பார்ப்பதால் தவறு தெரியாது. எஸ்டேட் ரோட்டுப் பிரிவில் நிறுத்தி 'எந்தப் பக்கம்' என்று பார்க்கும்போதுதான் அம்பு தப்பாக நிற்கும். பத்தடி நகர்ந்து பாருங்கள், இல்லையேல் கவரைக் கழற்றுங்கள்.

கஞ்சமலைப் பக்கம் இருப்பவர்களுக்கும், லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் கூடுதலாக ஒன்று. கஞ்சமலைத் தாது மேக்னடைட், காந்தத்தில் ஒட்டும். போனை ஓடை மணலில் வைத்து எடுத்தால் வளையத்தைச் சுற்றிக் கறுப்பாக மயிர்க்கால் போல எழுந்து நிற்கும். துணியால் துடைத்தால் போனின் முதுகில் கீறல் விழும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். ஸ்பீக்கர் ஓட்டைப் பக்கம் தள்ளிவிடாதீர்கள், அங்கேயும் ஒரு காந்தம் இருக்கிறது.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் கவரோடு போனைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது. 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், வயர்லெஸ் சார்ஜ் ஆகும்போது 30.

ஃப்ளிப் கவரை மூடாமலே திரை தானாக அணைந்தால், மூடியின் காந்தம் போனின் சென்சார் இருக்கும் இடத்தில் விழுகிறது என்று அர்த்தம். வேறு மாடலின் கவரை 'இதுவும் பொருந்தும்' என்று கொடுத்திருப்பார்கள். டேப்லெட் கீபோர்டு கவர் வாங்கினால் கடையிலேயே தமிழ்99 தட்டச்சு முறைக்கு மாற்றி, 'ஸ்ரீ', 'ஔ' இரண்டையும் அடித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மேக்ரோ லென்ஸ் கவர்

தோட்டக்காரர்களுக்கு உண்மையில் உதவுகிற கவர் இதுதான். கேமராவுக்கு மேல் மரை இருக்கும், சிறு லென்ஸைத் திருகி மாட்டலாம். கிளிப் லென்ஸ் நகர்ந்துகொண்டே இருக்கும், இது நகராது. காப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சுத் தூளாகப் படியும் துரு நோயை இதில் எடுத்தால், தூள் குவியல் குவியலாக எழும்பி நிற்பது தெளிவாகத் தெரியும். படத்தை அனுப்பினால் விரிவாக்க அலுவலர் தயங்காமல் பதில் சொல்வார்.

சரியாக வர சில விஷயங்கள். மரை முதன்மைக் கேமராவுக்கு நேராக இருக்க வேண்டும். கிட்டே போனதும் போன் தானாக வேறு கேமராவுக்குத் தாவும், ஆட்டோ மேக்ரோவை அணைத்து ஒன்று எக்ஸில் வையுங்கள். பெரும்பாலான லென்ஸ்களுக்குத் தூரம் 2 அல்லது 3 சென்டிமீட்டர்தான். ஃபோகஸுக்காகத் திரையைத் தொடுவதை விடப் போனை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவது எளிது. போனின் சொந்த ஃப்ளாஷ் வேண்டாம், லென்ஸின் நிழலே இலை மேல் விழும். இன்னொருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கட்டும். காற்றில் இலை ஆடினால் கவரின் விளிம்பில் அதைச் சாய்த்துப் பிடியுங்கள், இரண்டும் சேர்ந்தே ஆடும், படம் கலையாது. மேலே ஒரு படம், அடியில் ஒரு படம், பிறகு லென்ஸைக் கழற்றிச் செடி முழுவதும் தெரிய ஒரு படம் என்று மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.