கண் இருட்டுதலும் தலைச்சுற்றும்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று தடவை தோற்றியும் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்டாதவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர். அவர்களில் நானும் ஒருவன். பிறகு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, விசாவுக்கான கடிதங்கள் என்று கைக்கு வந்த அனைத்தையும் பக்கக் கணக்கில் பெயர்த்துக் கொடுத்தேன். வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதே வேலையை அதே விலைக்குச் செய்ய அதே வீதியிலேயே இன்னும் பலர் இருந்ததால், என்னைத்தான் தேடிவர வேண்டும் என்ற அவசியம் எவருக்கும் இருக்கவில்லை.

என்னை ஒரு பக்கமாகத் திருப்பியது என்னுடைய பிழைதான். சத்திரசிகிச்சைக்கு வருவோருக்கான ஒரு பக்க அறிவுறுத்தலில், "ஆறு மணித்தியாலங்களுக்கு முன்பிருந்து உணவு எதனையும் உட்கொள்ளலாகாது" என்று இலக்கண சுத்தமாக எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு வந்த எங்கள் அயலிலுள்ள ஆச்சி ஒருவர், விடியற்காலையில் பால் தேத்தண்ணீர் குடித்திருந்தார். சிகிச்சை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போனது. "தேத்தண்ணி சாப்பாடோ தம்பி?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மயக்க மருந்து ஏறியபின் தொண்டையின் பாதுகாப்பு அனிச்சைச் செயல்கள் அடங்கிவிடுவதால், இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பதும், அந்தக் கணக்கில் பால் கலந்த தேநீர் உணவாகவே கருதப்படும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. தெரிந்ததை ஆச்சிக்குக் கேட்கும் விதத்தில் எழுதத்தான் தெரிந்திருக்கவில்லை.

அதன் பின்னர் மருத்துவம் சார்ந்த எழுத்துகளை மட்டும் எடுப்பது என்று படிப்படியாக ஒதுங்கினேன். எவ்வளவு குறுக்கினேனோ, அவ்வளவுக்கு உள்ளே ஆழம் இருந்தது. இரத்த அழுத்தக் குளிசைகளின் துண்டுப்பிரசுரங்களில் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லை எல்லோரும் 'தலைச்சுற்று' என்று எழுதிவிடுவார்கள். எங்கள் முதியவர்களுக்கோ அங்கே இரண்டு வெவ்வேறு அனுபவங்கள் உள்ளன. வீடே சுழல்வது போலிருந்தால் அது தலைச்சுற்று; அது பெரும்பாலும் உட்காதின் கோளாறு. படுக்கையிலிருந்து எழும்பியதும் பார்வை மங்கி விழப்போவது போலிருந்தால், "கண் இருட்டிக்கொண்டு வருகுது" என்பார்கள். அது எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. குளிசையின் விளைவாக எச்சரிக்க வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். 'தலைச்சுற்று' என்று மட்டும் எழுதினால், கண் இருட்டுகிறவர் அது தனக்குரிய எச்சரிக்கை என்று எண்ணாமலே கடந்துவிடுவார். வாந்தியைச் சத்தி என்பதும், அதற்கு முந்திய புரட்டலை ஓங்காளம் என்பதும் இப்படிப் பயன்படும் சொற்களே. அகராதிகளைவிடக் கிளினிக் வாங்கில்களில் உட்கார்ந்து நான் சேர்த்தவை அதிகம்.

இந்தத் துறைக்கு மானிப்பாயில் ஒரு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அரச உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வழி என்றிருந்த காலத்தில், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்ற ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கி, உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவருடைய கலைச்சொற்களில் வடமொழி மிகுதி, இன்று வாசிக்கக் கடினம் என்பது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பட்ட பாடு எனக்குப் பொறாமையைத் தருகிறது. 1884இல் மறைந்த அவருடைய கல்லறையிலும் அவர் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது.

விசாக் கடிதங்களை விட்டதால் முதல் இரண்டு வருடங்கள் வீட்டில் கணக்கு இடித்தது. மனைவி அதை இன்றும் சொல்லிக்காட்டுவார். இப்போது ஒரு நோயாளர் கையேட்டில் 'களைப்பு' என்ற சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். மூலத்தில் உள்ளது உடல் அசதி. போன கிழமை அதே ஆச்சியிடம் கேட்டேன். "படி ஏறினால் களைக்கும் தம்பி, மூச்சு வாங்கும். நீர் சொல்லுறது அலுப்பு" என்றார். பென்சிலால் அடித்துவிட்டு 'அலுப்பு' என்று எழுதியிருக்கிறேன். நாளைக்குச் சுன்னாகத்தில் இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்.