லோமாவிலிருந்து மோவாப் வரை: ஒரு சைக்கிள் தடமும் ஒரு சட்டமும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் லோமா என்று ஒரு சிற்றூர். அங்கே தொடங்கும் கோகோபெல்லி தடம் மண்ணிலும் மணற்பாறையிலுமாக 142 மைல், அதாவது ஏறக்குறைய 228 கிலோமீட்டர் ஓடி, பக்கத்து மாநிலமான யூட்டாவின் மோவாப் நகரில் முடிகிறது. போன இலையுதிர் காலத்தில் டென்வரில் இருக்கும் அண்ணன் ஒருவரோடு இதை முழுவதும் சைக்கிளில் போனேன். சொந்த அண்ணன் இல்லை. சைக்கிளால் வந்த உறவு. ஐம்பதைத் தாண்டியவர், ஏற்றத்தில் என்னை விட வேகம்.

இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. 2025 ஜனவரி 4 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட, பொது நிலங்களில் வெளிப்புறப் பொழுதுபோக்கு பற்றிய எக்ஸ்ப்ளோர் சட்டத்துக்குள் நீண்டதூர சைக்கிள் தடங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அது முதலில் போல்ட் என்ற பெயரில் தனி மசோதாவாக வந்தது. கொண்டுவந்தவர்கள் கொலராடோவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜோ நெகூஸும் அப்போது யூட்டாவின் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்த ஜான் கர்ட்டிஸும். கோகோபெல்லி தடம் இந்த இரண்டு மாநிலங்களையும்தான் தைக்கிறது. எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகள் சைக்கிள் தடத்துக்காகச் சேர்ந்து நின்றதைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

சட்டம் சொல்வது எளிமையானது. குறைந்தது 80 மைல் நீளம், பெரும்பாலும் மண் அல்லது இயற்கையான தரை, தேவைப்படும் இடத்தில் தார்ச்சாலை வழியாக இணைப்பு. இப்படிப்பட்ட தடங்களில் ஏற்கெனவே இருப்பவை குறைந்தது 10, புதிதாக உருவாக்க வாய்ப்புள்ள பகுதிகள் குறைந்தது 10 என்று 18 மாதங்களுக்குள் அடையாளம் காண வேண்டும். பொறுப்பு உள்துறைக்கும், வனத்துறையைத் தன்னிடம் வைத்திருக்கும் வேளாண் துறைக்கும். இங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை. நிலம், பூங்கா, நீர் எல்லாம் பார்க்கும் அமைச்சகம். அடையாளம் கண்ட தடங்களுக்கு வரைபடம் வெளியிடலாம், அறிவிப்புப் பலகை வைக்கலாம்.

இவ்வளவுதானா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஓட்டிப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

லோமாவிலிருந்து கிளம்பியதும் தடம் மேரீஸ் லூப் வழியாகக் கொலராடோ ஆற்றின் மேலே, செங்குத்தான பாறை விளிம்பை ஒட்டிப் போகிறது. கீழே பழுப்பு நிறத்தில் ஆறு. அக்கரையில் பிளாக் ரிட்ஜ் கேன்யன்ஸ், அது வைல்டர்னஸ், அதாவது மனிதர் கை படாமல் இயற்கையாகவே விட்டுவைக்கும் இடம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகக்கூட அனுமதி இல்லை. 1964-ல் வந்த வைல்டர்னஸ் சட்டம் இயந்திரப் போக்குவரத்தைத் தடுக்கிறது. சைக்கிளும் அதில் அடங்கும். இக்கரையில் சைக்கிள்காரர்கள் கூட்டம், அக்கரையில் நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் மட்டும். நடுவில் ஓர் ஆறு. இத்தனைக்கும் இரண்டு கரையும் மெக்கின்னிஸ் கேன்யன்ஸ் என்ற ஒரே பாதுகாப்புப் பகுதிக்குள்தான் வருகின்றன.

வைல்டர்னஸ் பகுதிகளையும் சைக்கிளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சக்கரமே படாத இடம் கொஞ்சமாவது இருக்கட்டும். ஆனால் அப்படி மூடிய இடங்களைச் சுற்றி ஒழுங்கான வழி வேண்டும் அல்லவா? கொலராடோ ட்ரெயிலில் சைக்கிளில் போகிறவர்கள் ஆறு வைல்டர்னஸ் பகுதிகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றுகளில் பாதி நேரம் வண்டிகள் பறக்கும் சாலைதான். அரிசோனா ட்ரெயிலில் கிராண்ட் கேன்யன் வந்துவிட்டால் சைக்கிளைக் கழற்றி முதுகில் கட்டி, சக்கரம் தரையில் படாமல் பள்ளத்தாக்கின் அடி வரை இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். அதைச் செய்து முடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். நீண்ட பாதை எப்போதும் இணைப்புகளில்தான் அறுந்துபோகும். அந்த இணைப்புகளை மொத்தமாகப் பார்த்து இது ஒரே பாதை என்று சொல்ல ஓர் அரசுக் கை வேண்டும்.

கோகோபெல்லி அதற்கு நல்ல உதாரணம். 1989-ல் இதை உருவாக்கியது கோப்மோபா என்ற சைக்கிள் தன்னார்வ அமைப்பும், பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மைத் துறையும். புதிதாக வெட்டியது கொஞ்சம்தான். இந்தப் பக்கம் கால்நடை மேய்த்தவர்களும், 1950-களில் யுரேனியம் தேடி அலைந்தவர்களும் போட்டுவிட்டுப் போன ஜீப் தடங்கள் நிறைய. அவற்றை ஒன்றோடொன்று கோர்த்ததுதான் பெரிய வேலை. தொடக்கத்தில் பி.எல்.எம். பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புப் பகுதி, பிறகு அதன் மற்ற நிலம், கடைசியில் லா சால் மலையில் வனத்துறையின் தேசிய வனம். ஒரே சைக்கிள் பயணத்தில் நிலத்தின் வகையும் நிர்வாகமும் மாறிவிடுகின்றன. ஓட்டுகிறவனுக்கு அது தெரியாமல் இருப்பதே அந்த வேலையின் வெற்றி.

ராபிட் வேலி தாண்டி யூட்டாவுக்குள் நுழைந்ததும் நிலம் விரிந்துவிடுகிறது. வெஸ்ட்வாட்டர் பக்கம் ரயில் பாதை, அப்புறம் சிஸ்கோவை நோக்கி வெறும் மணலும் வெயிலும். வழியில் ஓரிடத்தில் மூன்று தடங்கள் பிரிந்தன. அடையாளக் கம்பம் சாய்ந்து கிடந்தது. காற்றோ மாடோ தள்ளியிருக்கும். பாறை ஓவியங்களில் வரும் கூனல் முதுகுப் புல்லாங்குழல்காரர்தான் கோகோபெல்லி. தடத்தின் கம்பங்களில் இருப்பது அவர் உருவம். அவர் முகம் குப்புறக் கிடந்ததால் ஜி.பி.எஸ்ஸை எடுத்தோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தவறான பக்கம் போய்த் திரும்பியிருந்தார்கள். டயர்ச் சுவடு கரிய மண்ணின் மேல் நேராகப் பதிந்திருந்தது.

அந்தக் கரிய மண் சாதாரண மண் இல்லை. பாக்டீரியா, பாசி, பூஞ்சை, லைக்கன் எல்லாம் சேர்ந்து பாலைவனத்தின் மேல் பின்னிய உயிருள்ள பொருக்கு. மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பதும், ஈரத்தைத் தேக்குவதும் அதுதான். ஒரு முறை மிதித்தால் மீண்டு வரப் பத்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தச் சுவட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு கம்பம் நிமிர்ந்து நின்னிருந்தா இது நடந்திருக்காது, தம்பி" என்றார். இருவரும் கம்பத்தை நிமிர்த்தி அடியில் கல் அடுக்கினோம். பலகையும் வரைபடமும் என்று சட்டத்தில் படித்தபோது சின்ன விஷயமாகத் தெரிந்தது எவ்வளவு பெரியது என்று அங்கேதான் புரிந்தது.

ட்யூவியில் ஆற்றைக் கடக்க வேண்டும். 1916-ல் கட்டிய மரப்பலகைத் தொங்குபாலம் அங்கே இருந்தது, கோகோபெல்லிக்காரர்கள் அதன் வழியாகத்தான் போவார்கள். 2008-ல் ஒரு சிறுவன் தீக்குச்சியோடு விளையாடியதில் எரிந்துபோனது. இப்போது கம்பிகளும் கோபுரங்களும் மட்டும். பக்கத்தில் உள்ள 128-ஆம் எண் நெடுஞ்சாலையின் கான்கிரீட் பாலத்தில் கடந்தோம். மரப்பாலத்தில் ஒரு முறையாவது சைக்கிள் ஓட்டியிருக்கலாமே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தோம்.

"ஆத்தை விட்டு ஏறப் போறோம். இனிமே தண்ணி எங்க, தம்பி?"

"நாம கொண்டுவந்து வச்ச கேன்தான், அண்ணா."

ட்யூவிக்குப் பிறகு தடத்தின் முகமே மாறுகிறது. ரோஸ் கார்டன் ஹில் என்ற பெயரை நம்பாதீர்கள். அது படிபடியாக உடைந்த பாறைச் சரிவு, இறங்கி நடந்தோம். ஃபிஷர் வேலியிலிருந்து லா சால் மலைக்கு ஏற்றம். 8,000 அடிக்கு மேல் போகும்போது சிவப்புப் பாறை மறைந்து ஆஸ்பென் மரங்கள் வருகின்றன. இலைகள் எல்லாம் மஞ்சள். இரவு கூடாரம் போட்டோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, காசு கட்டவில்லை. பி.எல்.எம். சுமார் 24.5 கோடி ஏக்கரையும் வனத்துறை சுமார் 19.3 கோடி ஏக்கரையும் பார்த்துக்கொள்கின்றன. விதிமுறை போட்ட இடங்கள் தவிர, பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் இப்படித் தங்கலாம். இங்கே பிறக்காத எனக்கும் அந்த உரிமை உண்டு என்பது ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிறைக்கிறது.

சட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை. இந்தப் பகுதிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. பட்டியல் போட அதிகாரி வருவார். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த யார் வருவார்? இப்போதைக்கு மண்வெட்டியோடு விடுமுறை நாளில் வரும் தன்னார்வலர்கள்தான். பட்டியலில் இடம்பிடிக்கும் தடத்துக்குக் கூட்டம் கூடும். கூட்டத்துக்கு ஏற்ற பராமரிப்பும் கழிப்பறையும் தண்ணீரும் வராவிட்டால் பாதிப்பு அந்தக் கரிய பொருக்குக்குத்தான். இதை அடுத்த மசோதாவிலாவது சேர்க்க வேண்டும் என்று என் தொகுதி உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. கோடையில் வேண்டவே வேண்டாம். வசந்தத்தில் மலை உச்சியில் பனி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆற்று நீரில் சேறு அதிகம். ஒரு பாத்திரத்தில் தெளியவிட்டு அப்புறம் வடிகட்டுங்கள், இல்லையென்றால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ட்யூவிக்கு அப்பால் மண் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் முன்கூட்டியே காரில் போய்த் தண்ணீர் கேன்களை வைத்துவிட்டு வாருங்கள், காலி கேன்களைத் திரும்ப எடுத்துவிடுங்கள். மழை பெய்தால் களிமண் சக்கரத்தில் ஒட்டி ஓர் அடி நகர முடியாது. காயும் வரை காத்திருப்பதுதான் ஒரே வழி. லோமாவிலிருந்து மோவாப் நோக்கிப் போங்கள், கடைசியில் சாண்ட் ஃபிளாட்ஸ் சாலையில் ஊர் வரை இறக்கம் கிடைக்கும்.