அம்மா வைக்காத கைரேகை

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் இருக்கும் என் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து, அவருக்குத் தெரியாமலே இரண்டு தடவை பத்தாயிரம் பத்தாயிரமாகப் பணம் போனது. மிளகு விற்றுச் சேர்த்த பணம். அம்மாவிடம் ஏடிஎம் கார்டு கிடையாது. ஓடிபி எதுவும் வரவில்லை, யாரும் போன் செய்து ஏமாற்றவும் இல்லை. உரம் வாங்கப் பணம் எடுக்கப் போன இடத்தில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பணம் இப்போது முழுசாகத் திரும்ப வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். மலையிலும் அடிவாரத்திலும் இதே மாதிரிக் கணக்கு வைத்திருக்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாஸ்புக்கில் அந்த இரண்டு வரியிலும் ஏஇபிஎஸ் என்று அச்சாகியிருந்தது. ஆதாரை வைத்துப் பணம் எடுக்கும் முறை அது. ஊருக்குள் வரும் வங்கி முகவர் கையில் ஒரு சின்ன மெஷின் இருக்கும். ஆதார் எண்ணைச் சொல்லி, எந்த வங்கி என்று சொல்லி, விரலை வைத்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை கொடுப்பார். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. நூறு நாள் வேலைச் சம்பளமோ பென்ஷனோ எடுக்க பஸ் பிடித்து டவுனுக்குப் போக முடியாதவர்களுக்கு நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆதார் எண் ஜெராக்ஸாக எத்தனையோ கைகளில் கிடக்கிறது. விரல் ரேகையோ நாம் கைநாட்டு வைக்கிற ஒவ்வொரு காகிதத்திலும் படிந்திருக்கிறது. பத்திரங்களில் இருந்த ரேகையை எடுத்து சிலிக்கானில் போலி விரல் செய்து பணம் எடுத்தவர்கள் வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பின் நம்பர் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை எங்கே போய் மாற்றுவது?

தெரிந்த அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போட்டோம். பணம் போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அதை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். பிறகு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண்ணைத்தான் முதல் வரியில் போட்டேன். சேலத்தில் சைபர் கிரைம் போலீஸில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினோம்.

அன்று ராத்திரியே ஆதார் இணையதளத்தில் அம்மாவின் கைரேகையைப் பூட்டினேன். ஆதாரில் பதிந்த செல்போனுக்கு வரும் ஓடிபி இருந்தால் போதும், கட்டணம் இல்லை. பூட்டிவிட்டால் விரல், கண், முகம் எதை வைத்தாலும் சரிபார்ப்பு நடக்காது.

வங்கியில்தான் இழுபறி. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "கைரேகை சரியா விழுந்திருக்கு தம்பி. விழுந்தா அவங்க எடுத்ததாத்தான் அர்த்தம்" என்றார். அதையே பிறகு எழுத்திலும் கொடுத்தார்கள். கூடவே, மூன்று வாரம் கழித்துப் புகார் கொடுத்தால் பொறுப்பேற்க முடியாது என்று ஒரு வரியும் இருந்தது.

இந்த இரண்டுக்கும் பதில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் போட்ட சுற்றறிக்கையிலேயே இருந்தது. தப்பு வாடிக்கையாளர் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை, நடுவில் எவனோ செய்தான் என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது. தகவல் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு, பணம் போன நாளிலிருந்து அல்ல. அம்மாவுக்கு மெசேஜே வரவில்லை. அவரது செல் நம்பர் மாறியபோது கிளையில் எழுதிக் கொடுத்திருந்தோம், அதை அவர்கள் ஏற்றவே இல்லை. அந்த விண்ணப்பத்தின் ஜெராக்ஸில் சீல் போட்டு வாங்கி அம்மா பாஸ்புக் உறைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். அந்த ஒரு தாள் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் வாதம் பாதியிலேயே நின்றிருக்கும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது.

சரி, அம்மா விரல் வைக்கவில்லை என்பதை நாங்கள் எப்படிக் காட்டுவது? ஆதார் தளத்திலேயே வழி இருந்தது. நம் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை அங்கே பார்க்கலாம். கடைசி 6 மாதத்துக்கு, 50 பதிவு வரை காட்டும். நாள், நேரம், கைரேகையா ஓடிபியா, எந்த நிறுவனம் கேட்டது, விழுந்ததா இல்லையா, எல்லாம் இருக்கும்.

அம்மாவின் விரல் ரேஷன் கடையில் ஒரே தடவையில் விழாது. காப்பிப் பழமும் மிளகும் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல். ஈரத்துணியில் துடைத்து, முந்தானையில் ஒற்றி, கட்டைவிரல் இல்லாவிட்டால் ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைப்பார். பணம் போன முதல் நாள் பட்டியலைத் திறந்தால், காலையில் ரேஷன் கடையில் விழாமல் போன தடவைகளும் கடைசியில் விழுந்ததும் வரிசையாக இருக்கின்றன. அதற்கு அடுத்த பதிவு, அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வங்கியினுடையது. முதல் தடவையிலேயே விழுந்திருக்கிறது. எந்த மெஷின், எந்த ஊர் என்று கேட்டு வங்கிக்கு எழுதினேன். வெளி மாநிலம் என்று பதில் வந்தது. நாகலூரில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தவர் அரை மணியில் வெளி மாநிலத்தில் எப்படி விரல் வைப்பார்? பட்டியலை அச்செடுத்து அந்த வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, ரேஷன் ரசீதையும் சேர்த்து மறுபடி கொடுத்தேன்.

அப்போதும் அசையவில்லை. வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் தீரவில்லை என்றாலோ, கொடுத்த பதிலில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12-லிருந்து பெரும்பாலான வங்கிகளுக்கு ஒரே திட்டம். இணையத்தில் போடலாம், இல்லாவிட்டால் சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், எந்த மொழியிலும் எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நான் இணையத்தில் போட்டேன். சுருக்கமாக, தேதி வரிசையில், ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தாள்.

புகார் அங்கே போன பிறகு வங்கியின் பேச்சே மாறிவிட்டது. மேலிடத்திலிருந்து கூப்பிட்டு விவரம் கேட்டார்கள். பணத்தை அது எடுக்கப்பட்ட தேதியிட்டே வரவு வைத்தார்கள், சுற்றறிக்கைப்படி அப்படித்தான் வைக்க வேண்டும். கிளையிலேயே முதல் வாரத்தில் செய்திருக்க வேண்டிய வேலை இது. எழுதத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இல்லாத ஒரு அம்மாவுக்கு இந்தப் பணம் திரும்ப வந்திருக்குமா என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. விரலை வைத்துப் பணம் எடுக்கும் வசதி, கணக்குக்காரர் கேட்டால் மட்டும் திறக்கப்பட வேண்டும். கேட்காமலே திறந்து வைத்துவிட்டு, பூட்டும் வேலையைப் பட்டன் போன் வைத்திருப்பவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

பூட்டியதால் வந்த சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். ரேஷனுக்கு விரல் வைக்க வேண்டுமென்றால் பூட்டைச் சற்று நேரம் திறக்க வேண்டும், அது கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். அம்மா கடைக்குப் போய் வரிசையில் ஆள் குறைந்ததும் எனக்குப் போன் செய்வார். கடைக்குள் சிக்னல் கிடைக்காது, வெளியே சில்வர் ஓக் மரத்தடிக்கு வர வேண்டும். ஓடிபி வந்ததும் "பேசறது நீதானே கண்ணு?" என்று கேட்டு, என் குரலை நிதானமாகக் கேட்ட பிறகுதான் எண்ணைச் சொல்வார்.

அம்மா கணக்கில் ஏஇபிஎஸ்ஸையே நிறுத்தச் சொல்லிக் கிளையில் கடிதம் கொடுத்தோம், நிறுத்திவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்ட சிலருக்கும் அதே கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். முகவரிடம் விரல் வைத்துத்தான் கூலி எடுக்க முடியும் என்று இருப்பவர்களுக்கு அதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கு, கணக்கில் இருக்கிற செல் நம்பர் இப்போது கையில் இருக்கிற நம்பர்தானா என்று கிளையில் கேட்டு, மாற்ற வேண்டியதை மாற்றி, ஜெராக்ஸில் சீல் வாங்கிக் கொடுத்து வருகிறோம்.