திரை உடைந்த லேப்டாப்: புதுசு வாங்கச் சொன்னவர்கள் யாரும் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை

கம்பெனி சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்தவர் மூடியைத் திறந்தார், விரிசலைப் பார்த்தார், உடனே தொகையைச் சொல்லிவிட்டார். டிஸ்ப்ளே அசெம்பிளி 19,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. "கிட்டத்தட்ட 23,000 வந்துடும் மேடம். அஞ்சு வருஷ லேப்டாப்புக்கு இவ்வளவு போடணுமா? பேசாம புதுசு வாங்கிடுங்க." தொகைகூடப் பரவாயில்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் சொன்ன அந்த யோசனைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாம்பரம் பக்கம் சில சின்னக் கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தள்ளிப்போனால் கடைக்காரர்தான் அபராதம் கட்டுவார். இந்த நேரம் பார்த்து மின்சார ரயில் நெரிசலில் பை கம்பியோடு நசுங்கி, திரையின் ஒரு மூலை விரிந்து, மை கொட்டியது மாதிரி கருப்பாகப் பரவிவிட்டது.

எந்தக் கடைக்கும் போகும் முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் 'டூப்ளிகேட்' எடுத்தால் படம் டிவிக்கும் போகும். எனக்குச் சுத்தமாக வந்தது. அதாவது போர்டு, டிஸ்க், ராம் எல்லாம் சரி, போனது திரை மட்டும். உடைசல் எதுவும் தெரியாமல் திரை வெறுமனே இருண்டிருந்தால், டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல், அதாவது படம் தெரியும் திரைத் தகடு, உடையவில்லை, பின்விளக்கில்தான் கோளாறு. மூடியை அசைக்கும்போது கோடுகள் வந்து வந்து போனால் முதலில் கேபிளைச் சந்தேகப்படலாம். டிவியில் படம் இருக்கும்போதே கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் டேட்டாவை பென்டிரைவில் எடுத்தேன். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயையும் நோட்டில் எழுதி வைத்தேன். போர்டில் யாராவது கை வைத்தால் மறுபடி ஆன் ஆகும்போது அதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

சரி, சர்வீஸ் சென்டருக்கு வருவோம். எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டேன். மெஷினை ஒப்படைத்து, பரிசோதனைக் கட்டணம் கட்டினால்தான் எழுதித் தருவார்களாம், அந்தப் பணம் திரும்ப வராதாம். நீட்டிய படிவத்தில் டேட்டா அழிந்தால் பொறுப்பில்லை என்று ஒரு வரி, அதன் கீழேயே லாகின் பாஸ்வேர்ட் எழுதக் கட்டம். திரை மாற்ற என் பாஸ்வேர்ட் எதற்கு என்று கேட்டதற்கு "ப்ராசஸ் மேடம்" என்பதுதான் பதில். மற்றவர்களின் வருமானக் கணக்கு உள்ளே இருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டு எடுத்து வந்துவிட்டேன். எங்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் விண்டோஸில் தனியாக ஒரு யூசர் அக்கவுண்ட் உண்டாக்கி, அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். சோதித்துப் பார்க்க அது போதும்.

தெரிந்தவர்களும் புதுசு வாங்கத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குக் கணக்கு வேறு மாதிரி வந்தது. என்னுடையது 2020இல் வாங்கிய பத்தாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஓட இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது அதைத் தாண்டி நிற்கிறது. இதே வேலைக்குப் புதுசு எடுத்தால் 50,000க்குக் குறைந்து தேறவில்லை. அசெம்பிளி என்று அவர்கள் சொன்னது பின்மூடி, கீல், கேபிள், பேனல் எல்லாம் சேர்ந்த முழு மேல்பாகம். உடைந்தது பேனல் மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாமே?

அப்புறம்தான் வீட்டுக்குப் பக்கத்துக் கடை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு என் கண்முன்னேயே திரையைக் கழற்றினார். பேனலின் முதுகில் இருந்த ஸ்டிக்கரை உடனே போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான். மாலை போனபோது புதுத்திரை பளிச்சென்று எரிந்தது. எக்செல் திறந்ததும் மனசு திக்கென்றது. முன்பு ஒரே பார்வையில் தெரிந்த கணக்கை இப்போது நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷன் 1366க்கு 768க்கு மேல் ஏறவே இல்லை. என் பழைய பேனல் 1920க்கு 1080, அதுவும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. இந்தப் புதுத்திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறமே மாறிப்போகிறது.

"எல்லாம் ஒண்ணுதான் மேடம், சைஸ் 15.6 தானே" என்றார். ஒன்றே இல்லை. இரண்டுமே 30 பின் கனெக்டரில் வருவதால் மாட்டினால் எரியும், அவ்வளவுதான். டச் திரை, வேகமான கேமிங் திரை என்றால் பெரும்பாலும் 40 பின், அது மாட்டவே மாட்டாது. நான் போனில் இருந்த ஸ்டிக்கர் படத்தையும் அவர் போட்ட பேனலின் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. அப்போதும் கூலி என்று 500 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் அட்வான்ஸைத் திருப்பினார். அந்த 500 இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

பேனல் நம்பரைப் படிப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. எல்ஜி என்றால் எல்பி156, பிஓஇ என்றால் என்வி156 அல்லது என்டி156, ஏயூஓ என்றால் பி156 என்று தொடங்கும். 156 என்பது 15.6 அங்குலம். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் ரெசல்யூஷனையும் வகையையும் சொல்கின்றன, அதனால் முழு நம்பரையும் கேளுங்கள்.

மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். போனில் இருந்த படத்தைக் காட்டியதும், ஒரு மாடிக் கடையில் அண்ணன் ஒருவர் அதற்குச் சமமான ஐபிஎஸ் பேனலைப் பெட்டியோடு எடுத்து வைத்தார். 5,800 ரூபாய், கூலி சேர்த்து. "பேட்டரியைக் கழட்டாம திரை கேபிளைத் தொட்டா போர்டுல ஃப்யூஸ் போயிடும்மா" என்று அவரே சொல்லி, முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரித்தார். உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் கொடுப்பது எவ்வளவு நல்லது என்று அப்போது புரிந்தது.

முக்கியமான விஷயமும் அங்கேதான் வெளியே வந்தது. இடது கீல் இறுகிப் போய், அதன் ஸ்க்ரூ பிடித்திருந்த பிளாஸ்டிக் குமிழ்கள் பெயர்ந்திருந்தன. முந்தைய கடைக்காரர் அதைப் பார்த்திருக்காமல் இருக்க முடியாது, வாய் திறக்காமல் மூடிக் கொடுத்திருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடி வளைந்து, புதுப் பேனலும் ஒருநாள் விரிந்திருக்கும். எபாக்ஸி பசை வைத்துக் குமிழைக் கட்டி, கீலைத் தளர்த்திக் கொடுத்தார், 400 ரூபாய். திரை மாற்றுகிறவரிடம் கீலையும் கட்டாயம் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைப் படங்களை ஓட்டிப் பார்த்தேன், புள்ளி எதுவும் இல்லை. பில்லில் பேனல் நம்பரையும் மூன்று மாத வாரண்டியையும் எழுதி வாங்கினேன். கோடு விழுந்தால் மாற்றித் தருவார்கள், உடைந்தால் கிடையாது. 3பி தேதிக்குள் போய்விட்டது.

இதைக் கேட்டு என் தங்கையும் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறாம் தலைமுறை ஐ3, ஹார்ட் டிஸ்க், பேட்டரி வேறு உப்பி டச்பேடைத் தூக்கியிருந்தது. அதற்கு ஒரு ரூபாய்கூடப் போடாதே என்று நானே சொன்னேன். டிஸ்க்கை மட்டும் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுப் படங்களை எடுத்துக்கொண்டாள், உப்பிய பேட்டரியோடு இருந்த மெஷினை இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டாள்.